படிவத்தில் இல்லாத தாடை

சுகிர்தத்தின் எலும்பு மைனஸ் மூன்று என்று கண்டுபிடிக்கப்பட்டது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாளில். அதுவரைக்கும் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற கல்லுமலைத் தோட்டத்தில் யாருடைய எலும்புக்கும் நம்பர் கிடையாது. ஒரு வெள்ளை வேன் வந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றது. வேனுக்குள் ஒரு பெட்டி. பெண்கள் வரிசையாகப் போய் ஈரக்காலைத் துடைத்துக் குதிகாலைப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி முனகியது. ஒரு நம்பர் வந்தது.

சுகிர்தத்துக்கு வயது ஐம்பத்தாறு. முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். போன வருடம் படிக்கட்டில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். அதனால் எலும்பில் ஏதோ கோளாறு என்பது அவளுக்கே தெரியும். மைனஸ் என்றதுதான் புரியவில்லை.

“மைனஸ்னா என்னங்க ஐயா? உள்ளுக்குள்ள எலும்பே இல்லீங்களா?”

வேனில் இருந்தவர் மகாலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டு எலும்புறுதித் திட்டத்தின் நிர்வாக உத்தியோகத்தர். கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும்.

“இருக்கு அம்மா. இருக்கவேண்டிய அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இண்டையிலயிருந்து உங்கட எலும்பு எங்கட பொறுப்பு.”

அப்படிச் சொன்ன மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது? சுகிர்தம் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போய்ப் புருஷன் இக்னேசியசிடம், தன் எலும்பை அரசாங்கம் பொறுப்பெடுத்துவிட்டதாகச் சொன்னாள். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்த இக்னேசியஸ், “லயத்துக் கூரையவும் அப்படியே பொறுப்பெடுக்கச் சொல்றதுதானே” என்றார்.

அடுத்த புதன்கிழமை மாத்திரைப் பெரட்டு ஆரம்பமானது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற வேலைப் பெரட்டு எப்படியோ அப்படித்தான் இதுவும். காலை ஆறரை மணிக்கு, தோட்டத்து மருந்தகத்தின் முன்னால் நாற்பத்திரண்டு பெண்கள் வெறும் வயிற்றோடு வந்து நிற்கவேண்டும். வாரத்துக்கு ஒரு மாத்திரை, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். விழுங்கிய பிறகு அரைமணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது, எதுவும் சாப்பிடக்கூடாது. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் இவ்வளவுதான் இருந்தது. ஆனால் அந்தத் தாள் இங்கிலீசிலிருந்து சிங்களத்துக்கும், சிங்களத்திலிருந்து தமிழுக்கும் வந்து சேர்ந்தபோது ‘அசையாது நிமிர்ந்து நிற்க’ என்று ஆகிவிட்டது. மருந்தகத்துக்குப் பொறுப்பான கந்தப்பன் ஐயா, எழுத்தில் வந்ததை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவர். ஒரு விசில் வாங்கிக்கொண்டார். விசில் ஊதினால் விழுங்கவேண்டும். அடுத்த விசில் வரைக்கும் சாயக்கூடாது, குனியக்கூடாது. சிரித்தால் உடம்பு அசைகிறது என்பதால் சிரிப்பும் இரண்டாம் வாரத்திலிருந்து தடை செய்யப்பட்டது.

விழுங்கியதும் வாய்ச் சோதனை. சிலபேர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கித் துப்பிவிடுகிறார்கள் என்று மேலிடத்துக்குச் சந்தேகம். ஆகவே கந்தப்பன் ஒவ்வொரு வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

“ஆ காட்டு. நாக்கத் தூக்கு. சரி. அடுத்த ஆளு.”

பேருக்கு நேரே ‘விழுங்கப்பட்டது’ என்று ஒரு சரி. பல் ஆடுகிறதா, சொத்தை இருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா என்று கேட்க அந்தப் பத்திரத்தில் இடம் இல்லை. வெற்றிலை போட்டுப் போட்டு வாயெல்லாம் பாழாய்க் கிடந்த நாற்பத்திரண்டு பெண்களும் மூன்று வருடம் வாயைத் திறந்து மூடினார்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லமுடியாது. மூன்றாம் வருடம் வேன் வந்தபோது சுகிர்தம் மைனஸ் இரண்டாக ஏறியிருந்தாள். மகாலிங்கம் கை தட்டினார்.

அந்த வருடம்தான் அவளுக்குப் பல்வலி வந்தது. வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போனாள். அன்றைக்கு இருந்த டொக்டர் பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பினார். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று அவரும் கேட்கவில்லை.

பல் போன குழி ஆறவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. நாக்கால் தடவினால் சதை இல்லை. சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தாள். மழையில் கிடந்த பழைய கிளிஞ்சல் மாதிரி, மஞ்சளும் சாம்பலுமாக, எலும்பு வெளியே தெரிந்தது. சுற்றிலும் சீழ். அதன் நாற்றம் அவளுக்கே குமட்டியது. சுவருக்குள் எலி செத்துக் கிடந்தால் வருமே, அந்த நாற்றம். வாயைக் கொப்பளித்துத் துப்பினால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும். சோறும் தேத்தண்ணியும் அந்த நாற்றத்தோடுதான் உள்ளே போயின.

லயத்து ஜெபக்கூட்டத்தில் அவள்தான் முன்னின்று செபமாலை சொல்லுகிறவள். பக்கத்தில் இருந்த பெண்கள் முதலில் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி, அம்மாக்கண்ணு, வந்து, “அக்கா, ஒங்களுக்கு ஒடம்பு முடியல, ஒரு மாசத்துக்கு நான் சொல்றேனே” என்றாள். சுகிர்தம் தலையாட்டினாள். பூசைக்குப் போனால் கடைசி வாங்கில் உட்காரத் தொடங்கினாள். குருவிடம் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டாமல் கையை நீட்டினாள்.

இக்னேசியஸ் மட்டும் தள்ளி உட்காரவில்லை. பக்கத்திலேயே தட்டைப் போட்டுச் சாப்பிட்டார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதை அவள் கவனித்தாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

பல் பிடுங்கிய பதினோராம் வாரம் அவள் கந்தப்பனிடம் போய் வாயைத் திறந்து காட்டினாள். கந்தப்பன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, என்னா இது? எப்ப இருந்து?”

“ரெண்டு மாசத்துக்கு மேலங்க. நீங்கதான் வாராவாரம் டார்ச்சு அடிச்சுப் பாக்குறீங்களே ஐயா, தெரியலீங்களா?”

கந்தப்பனுக்கு ரோசம் வந்துவிட்டது. “இங்க பாரு சுகிர்தம். நான் பாக்கிறது மாத்திரைய. மாத்திரை இருக்கா, போச்சா, அதுதான் என் வேலை. எலும்பு பாக்க எனக்கு யாரும் அதிகாரம் குடுக்கல. நாளைக்கு நான் எலும்பு பாத்தேன்னு மேல தெரிஞ்சா, ஒன்ன யாரு பாக்கச் சொன்னான்னு கேப்பாங்க.”

வலிக்கு ஆறு பனடோல் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை மறக்காமல் வரச்சொன்னார்.

அவள் மறுபடி ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போனாள். அங்கே புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தாள். பெயர் சிவதர்சினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முதல் நியமனம். அவள் மூக்கைப் பொத்தவில்லை. நெருங்கி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் கேட்டது.

“அம்மா, எலும்புக்கு ஏதும் குளிசை குடிக்கிறனீங்களோ?”

சுகிர்தம் புதன்கிழமைக் கதை முழுவதையும் சொன்னாள். சிவதர்சினி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அந்தக் குளிசை கூடாத சாமான் இல்லை அம்மா. உங்கட இடுப்பைக் காப்பாத்தியிருக்கும். ஆனா அது எலும்பைத் தேயவும் விடாது, புதுசாக்கவும் விடாது. பல்லுப் பிடுங்கின காயம் ஆறுறதெண்டா எலும்பு புதுசாகவேணும். ஆரோ ஒருத்தருக்கு இப்பிடித் தாடையெலும்பு செத்துப்போகும். அரிதுதான். ஆனா வரும். தொடங்க முந்தியே பல்லைப் பாத்திருக்கவேணும். இனி அந்தக் குளிசையைத் தொடாதேங்கோ. கண்டியில முகத்தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கு. கெதியாப் போகவேணும். விட்டால் தாடை முறிஞ்சுபோகும்.”

முறியும் என்றதும் சுகிர்தம் பழைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப இப்பவே எழுதிக் குடுங்கம்மா.”

சிவதர்சினி எழுதத்தான் போனாள். பல் பிரிவின் தலைவர் தடுத்துவிட்டார். திட்டத்து நோயாளியைத் திட்டம்தான் வெளியே அனுப்பலாம், அதற்குத் தனிச் சுற்றறிக்கை இருக்கிறது, அதுவும் பிரச்சினை எலும்பில் என்றால் பல் பிரிவு ஏன் தலையைக் கொடுக்கவேண்டும் என்று சொன்னார்.

சுகிர்தம் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். மகாலிங்கம் அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தே நின்றார். நாற்றம் வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கமாகவே நின்று பேசினார்.

“எங்கட படிவத்தில மூண்டு எலும்புதான் அம்மா கிடக்கு. இடுப்பு, முள்ளந்தண்டு, மணிக்கட்டு. தாடை எண்டு ஒண்டும் இல்லை. இல்லாத எலும்புக்கு நான் எப்பிடிக் கடிதம் குடுக்கிறது?”

“ஐயா, இது வாயிலேயே இருக்குங்களே. பாருங்களேன்.”

“வாய்க்குள்ள இருக்கிறது பல்லுப் பிரிவு.”

“அவுங்க எலும்புப் பிரிவுங்கிறாங்க.”

“அப்பிடி அவை சொல்லேலாது. அதுக்கு அவைக்கு அதிகாரம் இல்லை.”

“சரிங்க, மாத்திரையாவது நிப்பாட்டிருங்க.”

மகாலிங்கம் இன்னொரு படிவத்தைத் தேடி எடுத்தார். “நிப்பாட்டுறதுக்குக் காரணம் எழுதவேணும். இதில ரெண்டு காரணம் கிடக்கு. ஒண்டு, மரணம். மற்றது, தோட்டம் மாறிப் போறது. உங்களுக்கு எது வசதி?”

சுகிர்தம் கொஞ்சநேரம் யோசித்துத்தான் பார்த்தாள். மரணத்துக்கு மரண விசாரணைக்காரரின் கையெழுத்து வேண்டும். தோட்டம் மாறுவதற்கு வேறு தோட்டத்துத் துரையின் கடிதம் வேண்டும்.

“அதுவரைக்கும் ஒரு புதனும் தவறவிடாதேங்கோ,” என்று மகாலிங்கம் தணிந்த குரலில் சொன்னார். “தவறினால் ஒழுங்கற்றவர் பட்டியலில போடுவினம். பிறகு கண்டிக்குக் கடிதமே கிடையாது.”

அடுத்த புதன் அவள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். விழுங்கவும் பயம், தவறவும் பயம். கந்தப்பனின் டார்ச் உள்ளே நுழைந்தது. பல் போன குழிக்குப் பக்கத்தில், அம்மணமாக நீட்டிக்கொண்டிருந்த எலும்பை ஒட்டி, வெள்ளையாக மாத்திரை கிடந்தது.

“ஆங்! மாட்டுனியா!” என்றார் கந்தப்பன். “இந்தா, மாத்திரை இங்கன இருக்கு! நான் பாக்கமாட்டேன்னு நெனச்சியா?”

இன்னொரு கிளாஸ் தண்ணீர் வந்தது. விழுங்கினாள். அடுத்த விசில் வரைக்கும், அரைமணி நேரம் நிமிர்ந்து நின்றாள். கண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கந்தப்பன் முறைத்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

சிவதர்சினி சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு ஐந்து கடிதம் எழுதினாள். அதன் பலனாக ஒரு குழு அமைக்கப்பட்டது. எலும்புப் பக்கம் நான்கு பேர், பல் பக்கம் நான்கு பேர். திட்டப் பணிப்பாளர் தலைமை. ஆராயவேண்டிய பொருள்: கீழ்த்தாடை எலும்பா, அல்லவா?

சுகிர்தத்தைச் சான்றாக அழைத்திருந்தார்கள். மண்டபத்தின் கோடியில், மின்விசிறிக்கு எதிர்ப்பக்கமாக, அவளுக்கு ஒரு கதிரை போட்டிருந்தது. மேசையில் பெட்டிஸ் பலகாரமும் தேத்தண்ணியும் வந்தன. ஒரு மூலையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. தோட்டம் தோட்டமாக விளக்கம் சொல்லக் கொண்டுபோகிற கூடு அது. வட்டவளைப் பக்கத்தில் வேன் குலுங்கியபோது அதன் கீழ்த்தாடை கழன்று எங்கோ விழுந்துவிட்டது. யாரும் தேடவில்லை.

பணிப்பாளர் சிங்களத்தில் பேசினார். மகாலிங்கம் செந்தமிழில் பெயர்த்துச் சொன்னார்.

“எலும்பு என்பது மனிதனைத் தாங்குவது. இதோ இந்த எலும்புக்கூட்டைப் பாருங்கள். இதற்குத் தாடை இல்லை. ஆயினும் இரண்டு ஆண்டுகளாக எவ்விதத் தளர்வுமின்றி நிற்கின்றது. ஆகவே தாடை, மனிதன் நிற்பதற்கு அவசியமான எலும்பல்ல என்பது கண்கூடு.”

பல் பிரிவுத் தலைவர் எழுந்தார். “பல் என்பது எங்களுடையது. பல்லைப் பிடுங்கிய கணத்தில் எங்கள் பொறுப்பு முடிந்தது. பிடுங்கிய இடத்தில் பல் இல்லை. பல் இல்லாத இடத்தில் பல் பிரிவுக்கு என்ன வேலை?”

கடிதம் எழுதியவள் என்று அழைக்கப்பட்டிருந்த சிவதர்சினி எழுந்தாள். “அவ அந்தக் கதிரையில இருக்கிறா. ஒருக்கா வாயைப் பாருங்கோ.”

எட்டுப் பேரும் கதிரையைப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. பணிப்பாளர் பாதி கடித்த பெட்டிசைத் தட்டில் வைத்துவிட்டு, உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக்கூடாது என்றார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குள் எலும்புறுதி தினம் வந்துவிட்டது. ஹட்டன் நகரத்து மண்டபத்தில் பெரிய விழா. திட்டத்தின் சிறந்த பயனாளி யார் என்று கணினியில் தேடினார்கள். எலும்பு நம்பர் உயர்ந்திருக்கவேண்டும், மூன்றரை வருடத்தில் ஒரு புதனும் தவறியிருக்கக்கூடாது. கணினி ஒரே ஒரு பெயரைச் சொன்னது: சுகிர்தம், கல்லுமலைத் தோட்டம்.

“போகாத,” என்றார் இக்னேசியஸ். “ஒன்ன நாற வச்சிட்டு மாலையும் போடுறானுங்களா?”

“அந்தப் பணிப்பாளரு நேர்ல வர்றாருங்க. கண்டிக் கடுதாசிக்குக் கையெழுத்துக் கேப்பேன்,” என்றாள்.

கன்னம் வீங்கி, தாடைக்குக் கீழே ஒரு துளை விழுந்து அதிலும் சீழ் கசிந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு மேடை ஏறினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்றம் எங்கிருந்து என்று ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வடிகாலைத் தேடினார்கள். பணிப்பாளர் ஒலிவாங்கி முன்னால் நின்றார், பெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் மகாலிங்கம்.

“எமது திட்டம் இந்தப் பெண்மணியின் ஒவ்வோர் எலும்பையும் காத்துள்ளது. இவரது புன்னகையே எமது சான்றிதழ்!”

படம் எடுக்கிறவர், “அம்மா, கொஞ்சம் சிரிங்க, பல்லுத் தெரிய” என்றார்.

சுகிர்தம் கையெழுத்துக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். நாலு நாளாக உள்ளே ஆடிக்கொண்டிருந்தது அப்போது விட்டுப்போனது. வாய்க்குள் ஏதோ கழன்றது. உப்புக் கரித்தது. குனிந்து கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய, ஓட்டை விழுந்த, கறுத்த எலும்புத் துண்டு. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பணிப்பாளர் முன்னால் இருந்த வெள்ளை மேசைவிரிப்பின் மேல் வைத்தாள். சீழும் இரத்தமும் விரிப்பில் மெல்லப் பரவின.

ஒலிபெருக்கி நிறுத்தப்படவில்லை. அதனால் மண்டபம் முழுவதும் கேட்டது. பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார்: “இது எந்தப் பிரிவுடையது?” பல் பிரிவுத் தலைவர் இரண்டடி பின்வாங்கிச் சொன்னார்: “சேர், இது பல் இல்லை.” பணிப்பாளர் மூக்கைப் பொத்தியபடி சொன்னார்: “குழு இன்னும் முடிவு செய்யவில்லையே.”

“ஐயா,” என்றாள் சுகிர்தம். அவள் குரலும் ஒலிபெருக்கியில் போனது. “நீங்க மெதுவா முடிவு பண்ணுங்க. எனக்கு மேல போறதுக்கு ஒரு துண்டு மட்டும் எழுதிக் குடுங்க. கண்டிக்குங்க. சாமிகிட்ட போறதுக்கு இல்ல.”

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் கெக்கலித்துச் சிரித்தாள். பல் பிரிவோடு விழாவுக்கு வந்திருந்த சிவதர்சினி மேடைக்கு ஓடி வந்தாள். எலும்புத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றினாள். விழா அழைப்பிதழைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் கண்டிக்கு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“பிள்ளை, இது முறையில்லை,” என்று மகாலிங்கம் கெஞ்சினார். “உங்கட வேலைக்கு உலை வைக்கிறியள். எங்கட ஊர்ப் பிள்ளையெண்டுதான் சொல்லுறன்.”

“அப்ப எங்கட ஊர்க்காரரா நிண்டு ஒரு வாகனம் பிடிச்சுத் தாங்கோ.”

மகாலிங்கம் வாகனத்துக்கு விண்ணப்பப் படிவம் எடுக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், அவளோடு வந்திருந்த இக்னேசியஸ் ஒரு ஆட்டோவைப் பிடித்துவிட்டார்.

கண்டியில் அந்த அழைப்பிதழை யாரும் கேள்வி கேட்கவில்லை. கடிதம் எதில் எழுதியிருக்கிறது என்று பார்க்க அங்கே ஆளில்லையோ என்னவோ. வாயைத்தான் பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்று வாரம் ஊசி போட்டார்கள். பிறகு செத்த எலும்பை வெட்டி எடுத்து, மேலே சதையை இழுத்துத் தைத்தார்கள். வலது பக்கம் நாலு பல்லும் தாடையில் ஒரு பகுதியும் போயின. கன்னம் குழி விழுந்துவிட்டது. ரொட்டி கடிக்கமுடியாது, தேத்தண்ணியில் ஊறவைத்தால் விழுங்கலாம். முகம் கோணிவிட்டதே என்று அவள் வார்டில் அழுதபோது, இக்னேசியஸ் அவள் முகத்துக்கு அருகே குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார்.

“நாத்தம் போயிருச்சு புள்ள,” என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது.

வீடு திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை, புதன்கிழமை பெரட்டுக்குப் போனதுதான். நின்ற பெண்களிடம் குழி விழுந்த கன்னத்தைக் காட்டினாள். “மாத்திரைய வேணாங்கல. பல்லு கெட்டுக் கெடக்கிறவங்க, முதல்ல அந்தப் பல்லு டொக்டரம்மாகிட்ட வாயக் காட்டிட்டு வந்து முழுங்குங்க,” என்றாள். நின்றவர்களில் வீரம்மா என்கிறவள் முதலில் வரிசையை விட்டு விலகினாள். அன்றைக்குப் பதினேழு பேர் விழுங்கவில்லை. கந்தப்பன் விசிலை ஊதி ஊதிப் பார்த்தார்.

சிவதர்சினியைப் பட்டிப்பொலப் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்துக்கு மாற்றிவிட்டார்கள். முறையற்ற காகிதத்தில் கடிதம் எழுதியதுதான் குற்றம்.

மழை விட்டிருந்த ஒரு நாள் மகாலிங்கம் லயத்துக்கு வந்தார். கோப்பிலிருந்து முத்திரை குத்திய கடிதமொன்றை எடுத்தார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“அம்மா, நீங்கள் வெண்டிட்டியள்! குழு முடிவு சொல்லிப்போட்டுது.” கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். “‘நீண்ட ஆராய்வின் பின், கீழ்த்தாடையானது எலும்பே என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆகவே அதனை உறுதிப்படுத்தும் பொருட்டு, மேற்படி பயனாளிக்கு வழமையான மாத்திரை தொடர்ந்து வழங்கப்படல் வேண்டும்.’”

கடிதத்தோடு ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது.

சுகிர்தம் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயில் எச்சில் ஊறியது. எழுந்து வாசலுக்குப் போய் அழுக்குத் தண்ணீர் ஓடும் காணில் துப்பிவிட்டு வந்தாள்.

“ஐயா, அந்தத் தாடை இப்ப இங்க இல்லீங்க. வெட்டியெடுத்து ஒரு போத்தல்ல போட்டு வச்சிருக்காங்க, கண்டியில. மாத்திரைய அங்க கொண்டுபோய்க் குடுங்க.”

மகாலிங்கம் தலையை ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“கண்டியில எத்தினையாம் வார்ட் அம்மா?” என்று கேட்டார்.